மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா?

(நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமுக்குப் புறப்படும் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரை)



தொண்டின் பெருமை பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். அது பெரிய பொருள். பெரியோர் பலர் பேசிய பொருள். நான் அதைவிடச் சிறிய பொருள் ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். நாளை மறுநாள் காலை ஆறு மணிக்கு அது உங்கள் கைக்கு வந்துவிடும். அதன் பெயர் மண்வெட்டி. ஊர்ப்பக்கம் மம்பட்டி என்பார்கள். இன்று உங்களிடம் நான் கேட்க வந்திருப்பது ஒரே ஒரு கேள்விதான். மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா?

இதில் தெரிய என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். கணை என்கிற மரக்கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் மேலே போகிறது, விட்டால் கீழே விழுகிறது, மண் வெட்டுப்படுகிறது. இதற்கு ஒரு சொற்பொழிவா? நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு என்னிடமிருந்து எப்படிக் கழன்று விழுந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் தொடங்கப்பட்டது. அது காந்தியடிகளின் நூற்றாண்டு. 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள் என்று தொடங்கிய இயக்கம் அது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, அதோடு ஊரிலேயே தங்கிச் செய்யும் சிறப்பு முகாம். எனக்காக அல்ல, உனக்காக என்பது அதன் குறிக்கோள். உயர்ந்த குறிக்கோள்தான். ஆனால் நண்பர்களே, உனக்காக என்று சொல்லிக்கொண்டு ஓர் ஊருக்குள் போகிறவனுக்கு அந்த ஊரின் கருவியைத் தூக்கத் தெரியவில்லை என்றால் என்ன நடக்கும்? யார் யாருக்கு உதவுவார்கள்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்க்கரை ஊர். பங்குனி மாதம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதைச் சீர்செய்வதுதான் எங்கள் முகாமின் வேலை. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று ஏறத்தாழ 39,000 நீர்நிலைகள் இருக்கின்றன. அவை நிறைவதும் வறள்வதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கால்வாய்களின் கையில் இருக்கிறது. ஆகவே வேலை நல்ல வேலை. எங்களுக்கு ஆர்வமும் இருந்தது, வயதும் இருந்தது, உடம்பில் வலுவும் இருந்தது. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு மண்வெட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தார்கள்.

ஓங்கி வெட்டினேன். மண்வெட்டி மண்ணில் பட்டுத் துள்ளியது. மேலும் ஓங்கி வெட்டினேன். முனை ஒரு விரல்கடை இறங்கி நின்றது. இழுத்தால் வரவில்லை. கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கியது. அரை மணி நேரத்தில் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியது. ஒரு மணி நேரத்தில் கொப்புளம் உடைந்தது. எனக்குப் பக்கத்தில், எழுபது வயதை ஒட்டிய ஒரு மூதாட்டி. நாங்கள் அப்பத்தா என்றே கூப்பிட்டோம். அவர் தன் மண்வெட்டியைத் தோளுக்கு மேல் ஒருமுறைகூடத் தூக்கவில்லை. இடுப்பு உயரம்தான். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் தோசைக்கல் அகலத்துக்கு மண் பெயர்ந்து அவர் காலடிக்கு வந்தது. மூச்சு வாங்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை.

என் கையைப் பார்த்தார். "ஏனப்பு, மம்பட்டியோட சண்டை போடுற? இறுக்கிப் பிடிக்காத. நீ தூக்கி மட்டும் விடு. வெட்டுறதை அதோட கனம் வெட்டிக்கிரும்" என்றார்.

நண்பர்களே, இயற்பியலில் பட்டம் படித்துக்கொண்டிருந்தவன் நான். எடை, விசை, முடுக்கம் எல்லாவற்றுக்கும் சூத்திரம் எழுதுவேன். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்குவேன். ஆனால் கருவியின் எடையை வேலை செய்ய விட வேண்டும் என்ற ஒரு செய்தி என் கைக்கு எட்டவே இல்லை. அது அவர் கையில் இருந்தது.

அன்றுதான் மண்வெட்டியைக் கண் திறந்து பார்த்தேன். மேலை நாட்டு மண்வாரியைக் காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்குவார்கள். நம் மண்வெட்டி அப்படிப்பட்டதல்ல. அதன் தகடு கணையை நோக்கிச் சாய்ந்து, உள்பக்கமாய்ப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏன்? வெட்டுவது பாதி வேலைதான், இழுப்பது மறுபாதி. வெட்டிய மண் வெட்டுகிறவரின் காலடிக்கு வந்தாக வேண்டும். வரப்பு கழிக்க, வாய்க்கால் இழுக்க, மடை திறந்து மடை மாற்ற, எல்லாவற்றுக்கும் அந்தச் சாய்வுதான் ஆதாரம். நட்டுக்குத்தலாகக் கொத்தினால் துள்ளும். மண் எந்தப் பக்கம் இளகி இருக்கிறது என்று பார்த்துச் சாய்வாக இறக்கினால் பெயரும். முன்கை வழிகாட்ட வேண்டும், பின்கை தாங்க வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், இடுப்பு மட்டும் தனியாக வளையக் கூடாது. இவ்வளவும் சேர்ந்ததுதான் ஒரு வெட்டு. ஒரே ஒரு வெட்டு!

கடப்பாரைக்கும் இதே கதைதான். இறுகிய தரையைக் கடப்பாரையால் இளக்கிய பிறகுதான் மண்வெட்டி இறங்கும். கடப்பாரை தரையைத் தொடும் நொடியில் பிடி தளர வேண்டும். கெட்டியாகப் பிடித்திருந்தால் தரை வாங்க வேண்டிய அடியைத் தோள் வாங்கிக்கொள்ளும். இறுக்க வேண்டிய நொடி எது, தளர்த்த வேண்டிய நொடி எது? அதை எந்தப் புத்தகம் சொல்லும்? கை சொல்லும். ஆயிரம் முறை தூக்கி இறக்கிய கை சொல்லும்.

இனி, நான் இன்றுவரை மறக்காத இரண்டாம் நாளுக்கு வருகிறேன்.

கால்வாய்க்குள் ஒரு சீமைக்கருவேல வேர் குறுக்கே கிடந்தது. அந்த மரத்தை மேலே வெட்டினால் மட்டும் போதாது, கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். எனக்கு அவசரம். கடப்பாரையை எடுத்துவர இருபதடி நடக்கச் சோம்பல். கையிலிருந்த மண்வெட்டியையே வேருக்கு அடியில் கொடுத்து, நெம்புகோலாக அழுத்தினேன். படக்கென்று ஒரு சத்தம். கணை முறிந்து பாதி என் கையில் நின்றது.

அது அப்பத்தாவின் மண்வெட்டி.

அவர் திட்டவில்லை. முறிந்த துண்டைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் ஓர் இடத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பல ஆண்டுகள் அவர் கை பட்டுப் பட்டு வழவழப்பாய்த் தேய்ந்த இடம் அது. அவருடைய விரல்களுக்கென்றே வார்த்ததுபோல் அங்கே ஒரு பள்ளம். அடுத்த நாள் அவருக்கு நூறு நாள் வேலை இருந்தது. அந்த வேலைக்குத் தங்கள் வீட்டுக் கருவியோடுதான் அவர்கள் போவார்கள். நான் முறித்தது ஒரு மரக்கட்டையை மட்டுமா? ஓர் உழைப்பாளியின் மறுநாளை முறித்தேன்.

அன்று மாலை அவரோடு தச்சுப் பட்டறைக்குப் போனேன். கருவேலங்கட்டை ஒன்றை எடுத்து, இழைத்து, துளைக்குள் இறக்கி, ஆப்பு வைத்து இறுக்கினார் தச்சர். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடச் சொன்னார். கட்டை ஊறிப் பருத்தால் பிடிப்பு வரும் என்றார். மரத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை ஓர் ஆணிகூட இல்லாமல் வேலைக்கு வைத்துக்கொள்கிற அறிவு அது. பக்கத்திலேயே கொல்லுப்பட்டறை. மழுங்கிய முனையைத் துருத்தி ஊதிய உலையில் சிவக்கக் காய்ச்சி, அடித்து மெலிதாக்கி, தண்ணீரில் தோய்த்தெடுத்தார் கொல்லர். இரும்பின் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் தோய்க்கும் நேரத்தை முடிவு செய்தார். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் முனை ஒடியும், அல்லது மடங்கும். அவருக்கு வெப்பமானி அவர் கண்.

கூலியை நான் கொடுத்தேன். மனது லேசானது. அப்போது அப்பத்தா சொன்னார்: "காசு குடுத்துட்ட, சரிதான் அப்பு. ஆனா இது இனிமேத்தான் என் கைக்குப் பழகணும்."

அந்த ஒரு சொல் எனக்கு முகாம் முழுவதற்கும் போதுமான பாடமாக இருந்தது. கருவி கைக்குப் பழக வேண்டும். கை கருவிக்குப் பழக வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்து ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தத்துக்கு விலை கிடையாது. கடையில் கிடைக்காது. காலம்தான் தரும்.

கருவியைப் பிடித்தால் மட்டும் போதுமா? வெட்டிய மண்ணை எங்கே போடுவது? நாங்கள் கால்வாயின் விளிம்பிலேயே அழகாகக் குவித்து வைத்தோம். குவியல் உயர உயர எங்களுக்குப் பெருமை. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "முதல் மழைக்கே இம்புட்டும் மறுபடி உள்ளதான் விழும் தம்பி. மண்ணைப் போடத் தெரியாம வெட்டக் கூடாது" என்றார். குவித்ததையெல்லாம் மறுபடி அள்ளினோம். கொஞ்சம் கரையைப் பலப்படுத்தப் போனது. மீதியான கரம்பை மண் வயலுக்குப் போனது. ஆண்டாண்டாய்த் தண்ணீர் கொண்டுவந்து படியவைத்த வளமான வண்டல் அது. ஊருக்கு அது குப்பையல்ல, உரம். எங்களுக்குத் தூர் என்று தெரிந்தது அவர்களுக்கு அடுத்த போகத்தின் விளைச்சலாகத் தெரிந்தது.

சுமப்பதைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் இருக்கும். ஒரு நடைக்கு 15 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டருக்கு நூறு நடை! அந்த நூறு நடையை அந்த ஊர்ப் பெண்கள் எப்படி நடந்தார்கள்? ஒரு பழைய துணியை முறுக்கிச் சும்மாடு கூட்டினார்கள். ஒருவர் சட்டிக்கு மற்றவர் கைகொடுத்துத் தூக்கி விட்டார்கள். கழுத்தை நிமிர்த்தி, பார்வையை முன்னால் நிறுத்தி, கரைச் சரிவில் நேராக ஏறாமல் சாய்வாக ஏறினார்கள். சும்மாடு என்ன? முறுக்கிய ஒரு துண்டுத் துணி. ஆனால் சுமையைத் தலையில் பரவலாக இறக்கி, கழுத்தெலும்பின் வழியே நேராகக் கீழே அனுப்பும் பொறியியல் அதற்குள் இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். நூறு நாள் வேலை என்கிறோமே, அதற்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேலையை என்னவென்று குறித்தது தெரியுமா? திறன் சாராத உடலுழைப்பு. சட்டத்துக்கு ஒரு வகைப்பாடு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் நம் மனத்துக்குள் எப்போது குடியேறியது? படித்தவனின் வேலைக்குத் திறன் உண்டு, மண் வெட்டுகிறவரின் வேலைக்குத் திறன் இல்லை என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இடம் பார்த்துக் கொத்துவது திறன் இல்லையா? பிடி தளரும் நொடியை அறிவது திறன் இல்லையா? இரும்பின் நிறம் பார்ப்பது திறன் இல்லையா? நூறு நடைக்குப் பிறகும் வீட்டுக்குப் போய்ச் சோறாக்கும் அளவுக்கு உடம்பை மிச்சம் பிடிக்கத் தெரிவது திறன் இல்லையா?

திறன் இல்லாத வேலை என்று உலகத்தில் ஒன்றும் இல்லை நண்பர்களே. திறனைப் பார்க்கத் தெரியாத கண்கள்தான் இருக்கின்றன. அந்தக் கண்களை மருந்து போட்டுத் திறப்பதற்குத்தான் உங்கள் கையில் கொப்புளம் வருகிறது.

இந்தப் பாடத்தைப் பெரியவர்களும் படித்திருக்கிறார்கள். காந்தியடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கைராட்டை என்றதும் அவர் நினைவுதான் வருகிறது. ஆனால் இந்திய வறுமைக்கு மருந்து என்று ராட்டையை முதன்முதலில் எழுதியபோது, தான் ராட்டையையோ கைத்தறியையோ கண்ணால் பார்த்த நினைவே இல்லை என்று தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1915-இல் அகமதாபாதில் ஆசிரமம் தொடங்கிய பிறகு தறிகள் வந்தன. ஓட்டுவதற்கு ஆள் இல்லை. ஆசிரமத்தில் இருந்தவர்கள் படித்த தொழில்காரர்கள், வணிகர்கள். ஒருவர்கூடக் கைவினைஞர் இல்லை. பாலன்பூரிலிருந்து நெசவு தெரிந்த ஒருவரை அழைத்துவந்தார்கள். அவர் தன் வித்தையை முழுவதும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆசிரமத்தில் இருந்த மகன்லால் காந்தி விடவில்லை. பழகிப் பழகித் தேர்ந்தார். அவரிடமிருந்து மற்றவர்கள் கற்றார்கள். நூற்கும் ராட்டைக்கோ இன்னும் அலைந்தார்கள். கங்காபென் என்ற பெண்மணி ஊர் ஊராய்த் தேடி, பரோடா சமஸ்தானத்தின் விஜாப்பூரில், பரணில் ஒதுக்கிப் போட்டிருந்த ராட்டைகளைக் கண்டுபிடித்தார்.

அதற்கும் முன்பு, 1910-இல், தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை. கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக் தந்த 1,100 ஏக்கர் நிலம். அங்கே வாழ்ந்த சத்தியாக்கிரகக் குடும்பங்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. அங்கே செருப்புத் தைக்க வேண்டியிருந்தது. காலன்பாக் ஒரு துறவி மடத்துக்குப் போய் அந்தத் தொழிலைக் கற்றுவந்தார். அவரிடம் வழக்கறிஞர் காந்தி கற்றார். காந்தியிடம் பண்ணையில் இருந்தவர்கள் கற்றார்கள். தோலும் ஊசியும் பிடித்த அந்தக் கைகளுக்குப் பின்னால் இருந்த மனநிலையைக் கவனியுங்கள். எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கும் மனநிலை. ஊருக்கு உழைக்கப் புறப்படுகிறவருக்கு முதல் தகுதி அதுதான்.

ஒரு கேள்வி உங்களில் சிலருக்கு இருக்கும். ஐயா, ஜேசிபி எந்திரம் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு நாங்கள் ஏன் ஒரு வாரம் கஷ்டப்பட வேண்டும்? நியாயமான கேள்வி. கண்மாய் முழுவதையும் தூர்வார எந்திரம் வரட்டும். வயதானவர்களின் முதுகு மிஞ்சட்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உங்களை யாரும் ஜேசிபிக்குப் பதிலாக அனுப்பவில்லை. நாளை உங்களில் ஒருவர் பொறியாளராகி மண்வேலைக்கு மதிப்பீடு போடுவார். ஒருவர் அதிகாரியாகிக் கூலி நிர்ணயிப்பார். ஒருவர் மருத்துவராகி, இடுப்புவலி என்று வரும் அம்மாவிடம் ஓய்வெடுங்கள் என்று சொல்வார். ஒரு கன மீட்டர் என்றால் நூறு நடை என்பது உங்கள் கழுத்துக்குத் தெரிந்திருந்தால், உங்கள் பேனா வேறுமாதிரி எழுதும். அதற்காகத்தான் அனுப்புகிறார்கள்.

ஆகவே, நாளை போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

கருவியைக் கையில் வாங்கியதும் வெட்டத் தொடங்காதீர்கள். அதை வைத்திருப்பவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பத்து நிமிடம் பாருங்கள். பிறகு கேளுங்கள். அரிவாளை ஓங்கி வெட்ட வேண்டும், கருக்கரிவாளைப் பல் பதித்து இழுக்க வேண்டும். இரண்டும் அரிவாள்தானே என்று இருந்துவிட்டால் விரல் போகும். பக்கத்தில் வேலை செய்கிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் வீசும் கை எட்டாத தூரம் விடுங்கள். மண்வெட்டியை முனை மேலே பார்க்கக் கிடத்தாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். வெயில் ஏறும் முன் வேலையை முடியுங்கள். கிளம்பும் முன் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், இரும்புக் காயத்தைச் சின்னதென்று விடாதீர்கள். ஒரு கருவி செய்கிற வேலையை இன்னொரு கருவியிடம் கேட்காதீர்கள். நான் கேட்டேன், ஒரு கணை முறிந்தது. மாலையில் மண்ணைக் கழுவித் துடைத்து, அவரவர் கருவியை அவரவர் கையில் கொடுங்கள். அது அவர்கள் வீட்டு அடுப்போடு சேர்ந்த பொருள்.

முகாம் முடிந்ததும் அறிக்கை எழுதுவீர்கள். இத்தனை மீட்டர் கால்வாய் வெட்டினோம், இத்தனை மரக்கன்று நட்டோம், இத்தனை பேருக்கு விழிப்புணர்வு ஊட்டினோம் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். அதற்கு முன்னால், முதல் பக்கத்தில், எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என்று ஒரு தலைப்புப் போடுங்கள். மண்வெட்டி பிடிக்கச் சொல்லித்தந்தவர், சும்மாடு கூட்டிவிட்டவர், மண்ணை எங்கே போடுவது என்று காட்டியவர், கணை போட்டுத் தந்தவர், எல்லோருடைய பெயரையும் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். என் முகாமின் அறிக்கையில் அப்பத்தாவின் பெயர் இல்லை. அந்த அறிக்கையை எழுதியவன் நான். அந்தப் பிழையை நீங்கள் செய்யாதீர்கள்.

நல்லபடியாகப் போய், கற்று வாருங்கள்.